அறுபதாவது கதிரை

தம்பலகாமத்துக்குப் போகும் முதல் பஸ் காலை ஐந்து நாற்பதுக்குப் புறப்பட வேண்டும். அன்று அது ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் புறப்பட்டது. என் அண்ணன் செத்துப்போன செய்தி வெளியே வந்தது இப்படித்தான். பாலையூற்றில் இருந்த எனக்கும் அம்மாவுக்கும் ஆறு ஐந்துக்குத்தான் தொலைபேசி வந்தது. அதற்கு முன்பே கப்பல்துறையில் பஸ்ஸுக்காக நின்றவர்கள், "பன்னிரண்டு நிமிசம் பிந்திட்டுது, டைம்கீப்பருக்கு என்னவோ நடந்திட்டுது" என்று கதைத்துக்கொண்டார்களாம்.

அண்ணனின் பெயர் தனஞ்சயன். வயது ஐம்பது. பஸ் நிலையத்தில் பதினான்கு வருடம் டைம்கீப்பராக இருந்தார். ஒரு சின்னக் கூண்டுக்குள் இருந்து, எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதி, விசில் ஊதி அனுப்புவது வேலை. முதல் பஸ்ஸின் சாரதி கிண்ணியா அஸாம். கையெழுத்து வாங்கக் கூண்டுக்குப் போனபோது அண்ணன் கையில் பேனையுடன் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்திருக்கிறார். அஸாம் வணக்கம் சொன்னார். பதில் இல்லை. அண்ணன் எவருடைய வணக்கத்துக்கும் நிமிர்ந்து பதில் சொல்பவர் இல்லை என்பதால், அஸாம் அப்படியே இரண்டு நிமிடம் நின்றிருக்கிறார். ஐந்து நாற்பத்தொன்றாகியும் விசில் ஊதாததைப் பார்த்துத்தான் அவருக்குப் பயம் பிடித்தது.

மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

பதிவேட்டில் பிந்தியதற்குக் காரணம் எழுத ஒரு நிரல் உண்டு. தம்பலகாமம் பஸ்ஸுக்கு அதில் அநேகமாக 'யானை' என்றுதான் இருக்கும். யானை வந்தது என்று சாரதிகள் சும்மா சொல்லிவிட்டுத் தப்ப ஏலாது. "எத்தினை யானை? எந்தப் பக்கம் பாத்து நிண்டது?" என்று அண்ணன் கேட்பார். இரண்டு சாரதிகள் சொல்லும் யானைகளின் எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் இருவருடைய யானைகளையும் வெட்டிவிடுவார். அன்றைய பன்னிரண்டு நிமிடத்துக்கான காரணத்தை அஸாமே தன் கையால் எழுதினார்: 'டைம்கீப்பர் மௌத்து.' இதை அண்ணன் ஏற்றுக்கொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருபவர்களுக்குக் கொடுக்க நினைவு மலர் அடிக்க வேண்டும். அச்சகத்தில் மாதிரிக்கு ஒரு வாழ்க்கை வரலாறு தந்தார்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதுமாம். 'அன்னார் அனைவருடனும் இன்முகத்துடன் பழகுபவர். சொற்களால் எவரையும் நோகடிக்காதவர்.' இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் இதைப் படித்தால் வேறு யாருடைய அந்தியேட்டிக்கோ வந்துவிட்டோம் என்று எழும்பிப் போய்விடுவீர்கள். ஆகவே நானே எழுதுகிறேன்.

அண்ணனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது அம்மா அவருக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார். யார் வீட்டுக்குப் போனாலும் வெளிக்கிடும்போது 'போயிட்டு வாறன்' என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் வெளிக்கிட்டால் தலையில் ஒரு குட்டு விழும். அண்ணனுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுப்பது கஷ்டம். சொல்லிக்கொடுத்ததை மறக்கச் செய்வது அதைவிடக் கஷ்டம். அதன்பிறகு அவர் வீடுகளில் மட்டுமல்ல, தபால் கந்தோரிலும் பல் டொக்டரிடமும்கூட 'போயிட்டு வாறன்' சொல்லித்தான் வெளிக்கிட்டார். செத்த வீட்டில் மட்டும் அதைச் சொல்லக்கூடாது, பேசாமல் எழும்பிப் போக வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுக்கவில்லை. இதையெல்லாம் ஒருவர் சொல்லியா இன்னொருவருக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்திருப்பார்.

2001இல் மாமி செத்துப்போனார். அம்மாவின் தமையன் சிவகுருநாதன் மாமாவின் மனைவி. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி அவர்களின் வீடு. ஆட்கள் இருக்க வாசிகசாலையிலிருந்து அறுபது இரும்புக் கதிரைகள் எடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்ற்றில் இலக்கம் உண்டு. அண்ணன் அப்போது இருபத்தேழு வயது இளைஞர். செத்த வீட்டில் அழவும் தெரியாது, அழுகிறவரைத் தேற்றவும் தெரியாது என்பதால் கதிரைகளைப் பொறுப்பெடுத்தார்.

பிரேதம் சுடலைக்குப் போய், ஆட்கள் கலையத் தொடங்கியதும் அண்ணன் தள்ளுவண்டியில் பதினைந்து கதிரைகளை அடுக்கினார். வாசலில் நின்று உரக்க, "மாமா, போயிட்டு வாறன்" என்றார்.

வீடு உறைந்துபோனது. வாயைப் பொத்தாதவர்கள் இரண்டு கைக்குழந்தைகள் மட்டும்தான். செத்த வீட்டில் 'வாறன்' என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தம். பக்கத்து வீட்டு அன்னலட்சுமி அக்கா ஓடிப்போய், "தனம், வாயை மூடடா!" என்றார். அண்ணனோ வாசிகசாலையில் கதிரைகளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார். அடுத்த பதினைந்தை அடுக்கினார். "மாமா, போயிட்டு வாறன்." இப்படி நான்கு தரம்.

நான்காவது தரம் வண்டியில் பதினான்குதான் இருந்தன. ஒன்று குறைந்தது. அதைத் தேடி ஐந்தாவது தரம் வந்தபோது மாமா வீட்டுப் படலையைப் பூட்டிவிட்டார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான்கைந்து மாதத்தில் சமாதானம் ஆகியிருக்கும். பதின்மூன்றாம் நாள் மாமியின் தாயார் செத்துப்போனார். தொண்ணூற்றொரு வயது. மாமா வீட்டிலேயே ஒன்றரை வருடமாகப் படுக்கையில் கிடந்தவர். அண்ணனின் வாயைத் தவிர அவரைக் கொல்ல எத்தனையோ காரணங்கள் இருந்தன. ஆனால் அந்தச் செத்த வீட்டுக்குள் அண்ணன் நுழைந்தபோது சொன்னது இது: "சொன்னனான்தானே மாமா, வாறன் எண்டு. வந்திட்டன்."

அண்ணன் வந்தது கதிரைக்கு. அதை அவர் சொல்வதற்குள் மாமியின் சகோதரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் ரோட்டில் விட்டார்கள். பின்னால் ஓடிய அம்மாவைப் பார்த்து மாமா, "இந்தச் சனியனை வைச்சுக்கொண்டு நீயும் இந்தப் படலை மிதிக்காதை" என்றார். அம்மா மிதிக்கவில்லை. இருபத்துமூன்று வருடம். காளி கோவில் திருவிழாவில் மாமாவும் அம்மாவும் எதிரெதிர் வரிசையில் நின்று ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாமியைப் பார்த்தார்கள். எங்கள் குடும்பத்தில் முகத்தைப் பார்க்காத ஆள் அண்ணன் மட்டும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

அதன்பிறகு நாங்கள் அவரை நல்லது கெட்டது எதற்கும் கூட்டிப்போவதில்லை. 2004இல் என் கல்யாணத்தன்று ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இருத்தினேன். கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போட ஒரு பொறுப்பான ஆள் வேண்டும் என்று சொன்னேன். கரண்ட் போகவில்லை. தாலி கட்டும்போதும் அவர் அங்கேதான் இருந்தார்.

ஓட்டிசக் கதை தொடங்கியது அண்ணனின் கடைசி வருடத்தில், அஸாமின் மகள் ஷாமிலாவால். பிள்ளைக்கு ஏழு வயது. கதைப்பது குறைவு, தண்ணீர்க் குழாயைக் கண்டால் விடமாட்டாள். ஆஸ்பத்திரியில் நிரப்பச் சொல்லி ஒரு நீண்ட படிவம் கொடுத்திருந்தார்கள். அஸாம் அதை அண்ணனிடம் கொண்டுவந்தார். படிவம் நிரப்புவதில் அண்ணனை மிஞ்ச ஆள் இல்லை. அவர் பேனையை வைத்துவிட்டு, "இந்தப் படிவம் பிழை" என்றாராம்.

"ஏன் அண்ணன்?"

"சத்தம் கூடினா காதைப் பொத்துறதோ? ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுறதோ? சாமான் இடம் மாறினா கோவம் வாறதோ? இது எல்லாரும் செய்யிறது. இதைக் கேட்டு என்ன பிரயோசனம்?"

"நான் செய்யிற இல்லயே அண்ணன்" என்றார் அஸாம்.

அண்ணனுக்கு இது புதினம். அஸாமோடு கூடவே கிளினிக்குக்குப் போய், மாதத்தில் ஒருமுறை வரும் பெண் டொக்டரிடம் படிவத்தின் பிழைகளை விளக்கினார். டொக்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் நீங்களும் வாருங்கள் என்றார். நான்கு மாதம் போனார். நானும் ஒருநாள் போய் அவரது சின்ன வயதுக் கதைகளைச் சொன்னேன். கடைசியில் ஓட்டிசம்தான் என்று கடிதம் தந்தார்கள். அண்ணன் அழவில்லை, அதிரவில்லை. டொக்டரிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "இந்தக் கடிதம் பழைய பிரச்சினைக்கும் செல்லுமோ?"

பிறந்ததிலிருந்து செல்லும் என்றாராம் டொக்டர்.

வீட்டில் அம்மா அந்தக் கடிதத்தை வாங்கி அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தார். "ஐம்பது வயசிலை இதென்ன புது வருத்தம், புது நோய்? ஆருக்கும் சொல்லாதை."

"வருத்தமில்லை அம்மா. புதுசுமில்லை. பழசுக்கு இப்பதான் பேர் தெரியும்" என்றார் அண்ணன். அவர் ஏற்கனவே ஆறு பிரதி எடுத்திருந்தார். ஒருவருக்கும் சொல்லாதே என்றதை அவர் அப்படியே கடைப்பிடித்தார். ஒருவருக்கும் வாயால் சொல்லவில்லை. அடுத்த நாள் கூண்டுக் கண்ணாடியில், நேர அட்டவணைக்குப் பக்கத்தில், இப்படி ஒட்டியிருந்தது:

'அறிவித்தல். எனக்கு ஓட்டிசம் இருப்பது உறுதிசெய்யப்பட்டுள்ளது. முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை என்று முறைப்பாடு செய்ய வேண்டாம். பஸ் நேரம் மட்டும் கேட்கவும். தோப்பூர் பஸ் இப்போது 7.15க்கு.'

கச்சான் கடலை விற்கும் நஜ்முன் நிஸா வாசித்துவிட்டு, "இது தொத்துமா ஐயா?" என்று கேட்டிருக்கிறார். தொத்தாது என்றார் அண்ணன். "தொத்தினா நல்லம். இந்த பஸ்காரனுகளுக்கு ஆளுக்குக் கொஞ்சம் குடுங்க. நேரத்துக்குப் போவானுகள்."

நான் அந்த அறிவித்தலைப் பார்த்துவிட்டு மூன்று நாள் பஸ் நிலையப் பக்கம் போகவில்லை. வெட்கம் என்று அப்போது நினைத்தேன். வெட்கமும்தான். அதைவிட, அவர் என்ன கேட்கப்போகிறார் என்ற பயம். கேட்டார். ஒருநாள் பின்னேரம் ஃபோன் எடுத்து, வணக்கம் சுகம் ஒன்றும் இல்லாமல் தொடங்கினார்.

"பிரசாந்தினி, உன்ர கலியாணத்திலை என்னை ஏன் ஜெனரேட்டருக்குப் பக்கத்திலை விட்டனி?"

"பொறுப்பான ஆள் வேணுமெண்டு சொன்னன்தானே அண்ணா."

"அது உண்மையோ?"

அவரிடம் மௌனம் செல்லாது. மௌனத்தை அவர் வாசிப்பதில்லை. பதில் வரும்வரை காத்திருப்பார்.

"இல்லை அண்ணா. நீங்கள் ஏதும் சொல்லிப்போடுவியள் எண்டு பயம்."

"சரி" என்றார். "தாலி கட்டினதைப் பாக்கேலாமப் போச்சு. ஜெனரேட்டருக்கு டீசலும் இருக்கேல்லை. போட்டிருந்தாலும் வேலை செய்திருக்காது. அதை நான் அண்டைக்கே சொல்லியிருக்கோணும்." வைத்துவிட்டார். அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. தனக்கு ஒன்று தெரியவந்ததில் அவருக்குத் திருப்தி என்பது மட்டும் தெரிந்தது.

பிறகு மாமாவின் முறை வந்தது. கடிதம் இங்கிலீசில் இருந்தது. மாமாவுக்கு அது சரிவராது என்று பதிவுசெய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துத் தமிழில் எடுத்து முத்திரை குத்துவித்தார். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டார். "அவன் இன்னொருக்காப் படலையைச் சாத்தினா என்னாலை தாங்கேலாது" என்றார். இந்தப் படலை திறந்தால்தான் அம்மாவுக்குத் தமையன் திரும்பக் கிடைப்பார் என்பது அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். பூட்டவைத்தது தான்தான் என்பதும் தெரியும். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அது ஒரு புதன்கிழமை.

மாமாவுக்கு எண்பத்திரண்டு. முற்றத்து வேம்பின் கீழ், ஒரு பழைய இரும்புக் கதிரையில் தலையணை போட்டு இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். முடியவில்லை. அண்ணன் கடிதத்தை நீட்டினார். மாமா கண்ணாடியைப் போட்டு, முத்திரை வரைக்கும் வாசித்தார்.

"அப்ப, நீ வேணுமெண்டு சொல்லேல்லை?"

"வேணுமெண்டுதான் சொன்னனான்" என்றார் அண்ணன். "கதிரை குடுத்திட்டு வரத்தானே போனனான். திரும்பி வாறதெண்டா வாறன் எண்டுதானே சொல்லோணும்."

"பிறகு வந்து, சொன்னபடி வந்திட்டன் எண்டியே?"

"ஓம். ஒரு கதிரை குறைஞ்சது. அதுக்கு வந்தனான்."

"இவ்வளவு காலமும் இதை ஏன்ரா சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

மாமா கடிதத்தை மடித்தார். திரும்ப விரித்தார். திரும்ப மடித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அண்டைக்கு முந்நூறு சனம் வந்தது பிள்ளை. எல்லாரும் முறைப்படி ஒண்டும் சொல்லாமல் எழும்பிப் போச்சினம். பிறகு ஒருத்தரும் வரேல்லை. வாறன் எண்டு சொன்னவன் இவன் ஒருத்தன். இவனுக்குத்தான் படலையைப் பூட்டினனான்."

நான் அழுதேன். அண்ணன் அழவில்லை. அவர் மாமாவின் முதுகுப் பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தேழு" என்றார்.

"என்னது?"

"இதுதான் மாமா அந்தக் கதிரை. முப்பத்தேழாம் நம்பர். நீங்கள்தான் வைச்சிருக்கிறியள்."

மாமியின் பிரேதம் எடுத்த அன்று பின்னேரம் கிணற்றடியில் தனியே இருந்து அழவென்று மாமா அதை இழுத்துப் போயிருக்கிறார். பிறகு அது அங்கேயே கிடந்து, முற்றத்துக்கு வந்து, அவருடையதாகிவிட்டது. மாமா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, இருமல் கண்ணீராகி, மகனின் மனைவி உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டு ஓடிவந்தார். அண்ணன் அவர் சிரித்து முடியும்வரை காத்திருந்து, "இண்டைக்குத் தாங்கோ" என்றார்.

"டேய், நான் இதிலை இருக்கிறன்ரா. ஞாயிற்றுக்கிழமை வா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. வந்து எடு."

படலையில் வைத்து அண்ணன் நின்றார். முகத்தில் ஒரு குழப்பம். திரும்பி, "மாமா, இது இப்ப செத்த வீடோ?" என்று கேட்டார்.

"இல்லையடா."

"அப்ப சொல்லலாம்தானே?"

"சொல்லு."

"மாமா, போயிட்டு வாறன்."

சனிக்கிழமை அந்த ஐந்து நாற்பது பஸ் பிந்தியது.

ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். முச்சக்கர வண்டியின் கூரையில் கயிறு போட்டுக் கட்டிய கதிரையோடு வந்தார். அதைப் பிரேதத்துக்குப் பக்கத்தில் விரிக்கச் சொல்லி, அதில் இருந்தார். அம்மா கீழே பாயில் இருந்தார். இருபத்துமூன்று வருடத்தில் முதல் கதை இது:

"கனகம்மா, ஏதும் சாப்பிட்டியோ?"

"இல்லை அண்ணை."

"நானும் இல்லை."

அவ்வளவுதான். பிறகு அம்மா அவருடைய முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டார். பிரேதம் எடுக்கும்வரை தலையைத் தூக்கவில்லை.

போகும்போது மாமா இரண்டு பேர் பிடிக்க எழும்பி, எல்லாருக்கும் கேட்கக்கூடியதாக, அண்ணனின் படத்தைப் பார்த்து, "தம்பி, போயிட்டு வாறன்" என்றார்.

"ஐயோ, செத்த வீட்டிலை!" என்றார் அன்னலட்சுமி அக்கா. அதே அக்கா. இருபத்துமூன்று வருடத்தில் தொண்டை கொஞ்சமும் குறையவில்லை.

"வாறன் எண்டு சொல்லிப்போட்டு இவன் முதல்தரமா வரேல்லை. நானாவது வரோணும்தானே" என்றார் மாமா.

எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு வந்தார். அதன்பிறகு இரண்டு நாளைக்கு ஒருதரம் வருகிறார். இதுவரை ஒருவரும் சாகவில்லை.

இந்த மலரில் ஓட்டிசம் என்று எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "வருத்தம் எண்டு மட்டும் எழுதிப்போடாதை. அவனுக்குப் பிடிக்காது" என்றார். பிறகு சேலைகளுக்கு அடியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து, திகதி பிழையாகக்கூடாது என்று தந்தார்.

செத்த வீட்டுக்கு நாங்களும் அதே வாசிகசாலையில்தான் கதிரை எடுத்தோம். இப்போது பிளாஸ்டிக். எண்பதையும் எண்ணி, எண்பதையும் கொடுத்துவிட்டோம். அங்கே இருப்பவர் பழைய கொப்பியை எடுத்துக் காட்டினார். 2001ஆம் ஆண்டுப் பக்கத்தில் அண்ணனின் கையெழுத்தில், 'எடுத்தது 60, கொடுத்தது 59. இல. 37 நாளை கொண்டுவரப்படும்' என்று இருந்தது. இரும்புக் கதிரை எங்கள் வீட்டு வாசலில் மாமாவின் தலையணையோடு இருக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை.